வின்ஸ் டேட்டாபேஸ் கெட்டுப்போனால்: புதியவர்களுக்கான பழுதுபார்ப்பு வழிகாட்டி

கணினியின் பெயரைச் சொன்னால் ஐபி முகவரியைத் தேடித் தருகிற வேலையை இன்று பெரும்பாலும் டிஎன்எஸ் பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் நெட்பயாஸ் எனும் பழைய முறைப் பெயரை மட்டுமே அறிந்த பழைய மென்பொருளும் பழைய விண்டோஸ் இயந்திரங்களும் உள்ள இடங்களில், அந்தப் பெயர்களுக்கு இதே வேலையைச் செய்யும் வின்ஸ் (விண்டோஸ் இன்டர்நெட் நேம் சர்வீஸ்) சேவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1994-இல் விண்டோஸ் என்டி 3.5 உடன் வந்தது இது. விண்டோஸ் சர்வர் 2022-இலிருந்து, இனி மேம்படுத்தப்படாத சேவைகளின் பட்டியலில் மைக்ரோசாஃப்ட் இதைச் சேர்த்துவிட்டது. அதனால் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு யாரும் இதைக் கற்றுக்கொடுப்பதில்லை. கெட்டுப்போகும் நாளில்தான் இப்படி ஒன்று ஓடுகிறது என்பதே பலருக்குத் தெரியவருகிறது.

இந்தக் கட்டுரையில் கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கமாண்ட் பிராம்ப்டில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். கமாண்ட் பிராம்ப்டை வலது கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு திறந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் பாதிக் கட்டளைகள் 'அனுமதி இல்லை' என்று நின்றுவிடும்.

எதைக் காப்பாற்ற வேண்டும்?

கையை வைப்பதற்கு முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வின்ஸ் டேட்டாபேஸில் இரண்டு வகைப் பதிவுகள் இருக்கின்றன. முதல் வகை, கணினிகள் தாங்களே வந்து 'என் பெயர் இது, என் முகவரி இது' என்று பதிந்துகொண்டவை. இவை அழிந்தாலும் பெரிய இழப்பு இல்லை. அந்தக் கணினிகள் மறுபடி வந்து பதிந்துகொள்ளும். இரண்டாவது வகை, நிர்வாகி கையால் சேர்த்த நிலையான பதிவுகள். தானாகப் பதியத் தெரியாத பழைய பிரிண்டருக்கோ வேறு இயங்குதளம் ஓடும் சர்வருக்கோ என்றைக்கோ ஒருவர் சேர்த்திருப்பார். இவை போனால் தாமாகத் திரும்பி வராது.

ஆகவே இந்த வேலையில் உண்மையில் காப்பாற்ற வேண்டியது அந்த நிலையான பதிவுகளின் பட்டியலைத்தான். அது கையில் இருந்தால், கெட்ட கோப்போடு மல்லுக்கட்டுவதைவிடக் காலி டேட்டாபேஸிலிருந்து தொடங்குவதே பல நேரங்களில் சுத்தமான தீர்வு. புதியவர்கள் இதை நம்பத் தயங்குவார்கள். டேட்டாபேஸ் என்றாலே எப்படியாவது ஒட்டவைக்க வேண்டும் என்றுதான் மனம் போகும். வின்ஸ் விஷயத்தில் அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள்.

கெட்டது டேட்டாபேஸ்தானா?

பெயர் கிடைக்கவில்லை என்று புகார் வந்த உடனே டேட்டாபேஸைச் சந்தேகிக்க வேண்டாம். கணினிகள் வின்ஸோடு யுடிபி 137-ஆம் போர்ட்டிலும், ஒரு வின்ஸ் சர்வர் இன்னொன்றோடு டிசிபி 42-ஆம் போர்ட்டிலும் பேசுகின்றன. ஃபயர்வால் விதி மாறி இவற்றில் ஒன்று அடைபட்டாலும் அறிகுறி ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கும்.

ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாகைத் திறந்து, வின்ஸ் என்ற பெயரில் 4224 எண் நிகழ்வு இருக்கிறதா என்று பாருங்கள். டேட்டாபேஸில் பிழை நேர்ந்தது, வின்ஸ் மீண்டுவர முயலும் என்பதே அதன் சாரம். ஒருமுறை வந்து நின்றுவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. சில மணி நேரம் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் கோப்பு கெட்டிருக்கிறது. அடுத்து அப்ளிகேஷன் லாகில் இஎஸ்இஎன்டி (வின்ஸ் பயன்படுத்தும் விண்டோஸ் டேட்டாபேஸ் எஞ்சின்) என்ற மூலத்திலிருந்து வந்த நிகழ்வுகளைப் பாருங்கள். மைனஸ் குறியோடு ஒரு பிழை எண் அங்கே இருக்கும். நோய் என்ன என்று சொல்வது அந்த எண்தான்.

-1018 என்றால், டிஸ்கிலிருந்து படித்த பக்கத்தின் சரிபார்ப்புக் கூட்டு பொருந்தவில்லை என்று பொருள். பெரும்பாலும் டிஸ்க், கன்ட்ரோலர், கேபிள் இவற்றில் ஏதோ ஒன்றின் கோளாறு. -1206 என்றால் டேட்டாபேஸின் உள்கட்டமைப்பே சிதைந்திருக்கிறது. -550 என்றால் கோப்பு முறையாக மூடப்படவில்லை. மின்சாரம் போய் சர்வர் அப்படியே அணைந்த பிறகு இது வரும், பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். -501 லாக் கோப்பு (டேட்டாபேஸில் செய்யும் மாற்றங்கள் முதலில் எழுதப்படும் கோப்பு) கெட்டதைக் குறிக்கும், -528 தேவையான லாக் கோப்பு காணாமல்போனதைக் குறிக்கும். -1808 என்றால் டிஸ்கில் இடம் இல்லை. -1032 வந்தால் வேறொரு நிரல் கோப்பைப் பிடித்துவைத்திருக்கிறது. பல இடங்களில் அந்த வேறொரு நிரல் ஆன்டிவைரஸாக இருக்கும். கடைசி இரண்டுக்கும் டேட்டாபேஸைத் தொடவே வேண்டியதில்லை. இடத்தைக் காலிசெய்யுங்கள், வின்ஸ் ஃபோல்டரை ஆன்டிவைரஸ் சோதனையிலிருந்து விலக்குங்கள், சேவையை மறுபடி தொடங்குங்கள்.

-1018 வந்திருந்தால் முதலில் டிஸ்கைக் கவனியுங்கள். கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்கில் பழுதுபார்த்த கோப்பு அடுத்த வாரமே மறுபடி கெடும்.

பட்டியலை எடுத்து வையுங்கள்

சேவை தட்டுத்தடுமாறியாவது ஓடிக்கொண்டிருந்தால், நிறுத்துவதற்கு முன் வின்ஸ் கன்சோலைத் திறந்து 'ஆக்டிவ் ரெஜிஸ்ட்ரேஷன்ஸ்' மேல் வலது கிளிக் செய்து 'டிஸ்ப்ளே ரெக்கார்ட்ஸ்' கொடுங்கள். பதிவுகள் வரிசையாக வந்ததும் 'எக்ஸ்போர்ட் லிஸ்ட்' மூலம் உரைக்கோப்பாகச் சேமியுங்கள். நிலையான பதிவுகளுக்கு நேரே 'ஸ்டாட்டிக்' பத்தியில் குறி இருக்கும்.

சேவை எழும்பவே இல்லையென்றால் இணை சர்வருக்கு, அதாவது உங்கள் சர்வரோடு பதிவுகளைப் பரிமாறி நகல் வைத்துக்கொள்ளும் இன்னொரு வின்ஸ் சர்வருக்கு, போங்கள். அதன் கன்சோலில் இதே 'டிஸ்ப்ளே ரெக்கார்ட்ஸ்' பெட்டியில் 'ரெக்கார்ட் ஓனர்ஸ்' என்ற பக்கம் இருக்கிறது. அதில் உங்கள் கெட்ட சர்வரை மட்டும் தேர்ந்தெடுத்தால், அதனிடமிருந்து முன்பு நகலாகிவந்த பதிவுகள் தெரியும். அதே பக்கத்தில் உங்கள் சர்வருக்கு நேரே உள்ள உச்ச ஐடி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அது பதினாறு அடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண். பின்னால் கட்டாயம் தேவைப்படும். ஒன்றுக்கு மேற்பட்ட இணை சர்வர்கள் இருந்தால் எல்லாவற்றிலும் பார்த்து, பெரியதை எடுங்கள்.

கவனம்: அதே கன்சோலில் 'டெலீட் ஓனர்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. சர்வர் கெட்டுவிட்டதே, அதன் பழைய பதிவுகளைத் துடைத்துவிடுவோம் என்று அதை அழுத்திவிடாதீர்கள். உங்களுக்கு மிஞ்சியிருக்கும் நல்ல நகல் அதுதான்.

நிறுத்துங்கள், நகலெடுங்கள்

நெட் ஸ்டாப் வின்ஸ் என்று அடித்து சேவையை நிறுத்துங்கள். சேவை நின்றிருக்கும் நேரத்தில் பயனர்கள் முழுவதும் துண்டிக்கப்படுவதில்லை. வின்ஸ் முகவரி கொடுக்கப்பட்ட கணினி முதலில் வின்ஸைக் கேட்கும், பிறகு இரண்டாவது வின்ஸ் இருந்தால் அதைக் கேட்கும், எதுவும் பதில் தராவிட்டால் தன் சப்நெட்டுக்குள் (ரவுட்டரைத் தாண்டாத நெட்வொர்க் பகுதிக்குள்) எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கக் கூவிப் (பிராட்காஸ்ட் செய்து) பார்க்கும். ஆகவே ஒரே சப்நெட்டில் உள்ளவை ஒன்றையொன்று கண்டுகொள்ளும். ரவுட்டரைத் தாண்டி இருப்பவைதான் காணாமல்போகும். கிளை அலுவலகங்களுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள்.

டேட்டாபேஸ் இருக்குமிடம்: சி டிரைவ், விண்டோஸ் ஃபோல்டர், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் வின்ஸ். உள்ளே வின்ஸ்.எம்டிபி என்பது டேட்டாபேஸ். ஜே50.லாக் என்பதும், ஜே50-ஐத் தொடர்ந்து ஐந்து இலக்கங்கள் கொண்டவையும் லாக் கோப்புகள். ஜே50.சிஎச்கே என்பது, லாகில் எதுவரை டேட்டாபேஸில் எழுதியாயிற்று என்று காட்டும் அடையாளக் கோப்பு. இந்த ஃபோல்டரை முழுசாக வேறொரு டிரைவுக்கு நகலெடுங்கள். எம்டிபி கோப்பை மட்டும் எடுத்தால் போதாது. கடைசியாகப் பதிந்தவை லாகில்தான் இருக்கும், டேட்டாபேஸுக்கு இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. சேவை ஓடும்போது எடுத்த நகலும் உதவாது.

ரெஜிஸ்ட்ரியையும் ஒருமுறை ஏற்றுமதி செய்துவையுங்கள்: எச்கேஎல்எம், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், சர்வீசஸ், வின்ஸ். இணை சர்வர்களின் பட்டியலும் மற்ற அமைப்புகளும் இங்கேதான் இருக்கின்றன. டேட்டாபேஸ் காலியானாலும் அவை போகாது என்றாலும், கையில் நகல் இருப்பது நல்லது.

கோப்பின் தலைப்பைப் படித்தல்

வின்ஸ் ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு இ-எஸ்-இ-என்-டி-யு-டி-எல் என்ற கருவியை, சாய்கோடு எம்எச், பிறகு வின்ஸ்.எம்டிபி என்று கொடுத்து ஓட்டுங்கள். இது எதையும் மாற்றாது, படிக்க மட்டும் செய்யும். திரையில் ஓடும் நீண்ட வரிசையில் இரண்டு வரிகளைப் பாருங்கள். 'ஸ்டேட்' என்ற வரியில் 'கிளீன் ஷட்டவுன்' என்று இருந்தால் கோப்பு முறையாக மூடப்பட்டிருக்கிறது. 'டர்ட்டி ஷட்டவுன்' என்று இருந்தால் லாகில் உள்ளது இன்னும் சேரவில்லை. அப்போது 'லாக் ரிக்வயர்ட்' வரியில் 5-7 என்பது போல ஓர் எண் வரிசை இருக்கும். ஐந்தாவது லாகிலிருந்து ஏழாவது வரை வேண்டும் என்று பொருள். ஜே5000005.லாக், ஜே5000006.லாக் என்று வரிசையாக ஃபோல்டரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடைசி எண்ணுக்குரியது, பெயரில் எண் இல்லாத ஜே50.லாக் கோப்பாகவே இருக்கலாம்.

லாக்கள் எல்லாம் இருந்தால் நல்ல செய்தி. நெட் ஸ்டார்ட் வின்ஸ் என்று ஒருமுறை தொடங்கினாலே அவற்றைப் படித்துச் சேர்த்துக்கொள்ளும். அப்படித் தொடங்க மறுத்தால் அதே கருவியைச் சாய்கோடு ஆர், ஜே50 என்று கொடுத்து ஓட்டுங்கள். இதை அசல் ஃபோல்டரில்தான் செய்ய வேண்டும். லாக் கோப்புகள் டேட்டாபேஸின் அசல் பாதையை நினைவில் வைத்திருப்பதால், நகல் ஃபோல்டரில் நின்று ஓட்டினால் குழப்பம் வரும். முடிந்ததும் தலைப்பை மறுபடி படியுங்கள். 'கிளீன் ஷட்டவுன்' வந்துவிட்டால், அதே கருவியைச் சாய்கோடு ஜி, வின்ஸ்.எம்டிபி என்று கொடுத்து ஓட்டி உள்கட்டமைப்பைச் சோதியுங்கள். பிழை இல்லையென்றால் அடுத்து ஜெட்பேக்.

ஜெட்பேக் எதற்கு, எதற்கில்லை?

பழைய குறிப்புகள் பலவும் ஜெட்பேக்கைப் பழுதுபார்க்கும் கருவி என்று சொல்கின்றன. அது டேட்டாபேஸைச் சுருக்கி அடுக்கும் கருவி. உள்ளே உள்ள நல்ல பதிவுகளைப் புதிய கோப்பில் வரிசையாக எழுதும், பழையதை நீக்கும், புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டும். அப்படி எழுதும்போது சின்னச் சின்னக் கோளாறுகள் நீங்கிவிடுவதால்தான் அந்தப் பெயர் வந்தது. அடிப்படை சிதைந்த கோப்பில் அது பாதியில் நின்றுவிடும்.

சேவையை நிறுத்தி, வின்ஸ் ஃபோல்டருக்குள் போய், ஜெட்பேக் வின்ஸ்.எம்டிபி டிஎம்பி.எம்டிபி என்று அடியுங்கள். டேட்டாபேஸ் அளவுக்குச் சற்றே கூடுதலான காலி இடம் அந்த டிரைவில் வேண்டும். -1811 வந்தால் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். அநேகமாக வேறு ஃபோல்டரில் நிற்கிறீர்கள். -550 வந்தால் மேலே சொன்ன லாக் சேர்க்கும் படியை விட்டுவிட்டீர்கள். பாதியில் நின்றால் டிஎம்பி.எம்டிபி கோப்பு அங்கேயே கிடக்கும். அடுத்த முறை ஓட்டுவதற்கு முன் அதை அப்புறப்படுத்துங்கள்.

மீட்பதா, புதிதாகத் தொடங்குவதா?

லாக்கள் போதவில்லை, ஜெட்பேக்கும் மறுத்துவிட்டது என்றால் மூன்று வழிகள் இருக்கின்றன.

நல்ல பேக்கப் இருந்தால் அதைத் திருப்புங்கள். சேவையை நிறுத்தி, வின்ஸ் ஃபோல்டரில் உள்ள கோப்புகளை எல்லாம் வெளியே நகர்த்துங்கள். கன்சோலில் சர்வர் பெயர் மேல் வலது கிளிக் செய்து 'ரெஸ்டோர் டேட்டாபேஸ்' கொடுங்கள். சேவை ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டளை மங்கலாகவே இருக்கும், அழுத்த முடியாது. ஃபோல்டரைக் கேட்கும்போது, பேக்கப் எடுக்கக் கொடுத்த அதே ஃபோல்டரைக் காட்ட வேண்டும். வின்ஸ் அதற்குள் வின்ஸ்_பேக் என்று தனியே ஓர் ஃபோல்டர் உருவாக்கி, அதன் உள்ளே கோப்புகளை வைத்திருக்கும். அந்த உள் ஃபோல்டரைக் காட்டினால் எடுத்துக்கொள்ளாது.

பேக்கப் இல்லை, ஆனால் பட்டியலோ இணை சர்வரோ இருக்கிறது என்றால் காலியாகத் தொடங்குங்கள். கோப்புகளை வெளியே நகர்த்திவிட்டு, ஃபோல்டரை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, நெட் ஸ்டார்ட் வின்ஸ். புதிய வின்ஸ்.எம்டிபி தானாக உருவாகும். சிஸ்டம் லாகில் 4097 எண் நிகழ்வு வந்தால் சேவை முழுமையாக எழுந்துவிட்டது.

மூன்றாவது வழி, இ-எஸ்-இ-என்-டி-யு-டி-எல் கருவியைச் சாய்கோடு பி, வின்ஸ்.எம்டிபி என்று கொடுத்து வலுக்கட்டாயமாகச் செய்யும் பழுதுபார்ப்பு. சிதைந்த பக்கங்களை இது வெட்டி எறிந்துவிடும், லாகில் உள்ளதையும் கணக்கில் எடுக்காது. தொடங்குவதற்கு முன் அதுவே எச்சரிக்கும். நிலையான பதிவுகளின் பட்டியல் வேறெங்குமே கிடைக்காதபோது, அதைப் பிடுங்கி எடுப்பதற்காக மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். பழுதுபார்த்த பின் பழைய லாக் கோப்புகளையும் சிஎச்கே கோப்பையும் அகற்ற வேண்டும், அவை இந்தப் புதிய கோப்போடு பொருந்தாது. ஜெட்பேக் ஓட்டி, சேவையைத் தொடங்கி, பட்டியலை ஏற்றுமதி செய்துகொண்டு, பிறகு காலியாகத் தொடங்குவதே எங்கள் பரிந்துரை. வெட்டி ஒட்டிய டேட்டாபேஸை வருடக்கணக்கில் ஓட்டுவது நல்லதில்லை.

எல்லோரும் தவறவிடும் எண்

பேக்கப்பைத் திருப்பினாலும் சரி, காலியாகத் தொடங்கினாலும் சரி, இந்த ஒரு படியை விட்டால் எல்லாம் செய்தும் பயன் இல்லை. ஒவ்வொரு பதிவுக்கும் வின்ஸ் ஒரு பதிப்பு எண் கொடுக்கிறது, அது ஏறிக்கொண்டே போகும். இணை சர்வர் உங்களிடம் வரும்போது, 'கடைசியாக நான் வாங்கிய எண்ணுக்கு மேல் என்ன இருக்கிறது?' என்றுதான் கேட்கும். காலி டேட்டாபேஸ் அடியிலிருந்து எண்ணத் தொடங்கும். இணை சர்வரிடம் உங்கள் பெயரில் 3ஏ40 வரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அந்த எண்ணைத் தாண்டும்வரை உங்களிடம் புதிதாக எதுவும் இல்லை என்றே அது நினைக்கும். உங்கள் சர்வர் நன்றாக ஓடும், பிழை எதுவும் வராது, கிளை அலுவலகங்களில் மட்டும் பழைய முகவரிகள் உலவிக்கொண்டிருக்கும். மெய்நிகர் சர்வரைப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினாலும் இதே சிக்கல்தான்.

தீர்வு எளிது. கன்சோலில் சர்வரின் 'ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'அட்வான்ஸ்டு' பக்கம், அங்கே 'ஸ்டார்ட்டிங் வெர்ஷன் ஐடி' என்ற கட்டம். முன்பு குறித்துவைத்த உச்ச எண்ணைவிடத் தாராளமாகப் பெரிய எண் ஒன்றைக் கொடுங்கள். 3ஏ40 என்றால் 5000 போடலாம். கட்டம் பதினாறு அடிமானத்தில் கேட்கிறது என்பதை மறக்காதீர்கள்.

அதே பக்கத்தில் 'பர்ஸ்ட் ஹேண்ட்லிங்' இயங்குகிறதா என்றும் பாருங்கள். காலி சர்வரில் காலையில் எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் பதிய வரும். வரிசை 500-ஐத் தாண்டினால், வந்தவர்களுக்கு உடனே சரி என்று சொல்லி, குறுகிய காலத்துக்குப் பிறகு மறுபடி வரச் சொல்லி அனுப்பும் ஏற்பாடு இது.

பதிவுகளைத் திரும்ப நிரப்புதல்

'ரெப்ளிகேஷன் பார்ட்னர்ஸ்' மேல் வலது கிளிக் செய்து 'ரெப்ளிகேட் நவ்' கொடுத்தால் மற்ற சர்வர்களின் பதிவுகள் வந்து சேரும். உங்கள் சர்வருக்கே சொந்தமான நிலையான பதிவுகளை இதை நம்பி விட்டுவிட வேண்டாம். பட்டியலை வைத்துக் கையால் சேருங்கள். நிறைய இருந்தால் ஐபி முகவரி, இடைவெளி, பெயர் என்று வரிக்கு ஒன்றாக ஓர் உரைக்கோப்பு எழுதி, 'இம்போர்ட் எல்எம்ஹோஸ்ட்ஸ் ஃபைல்' மூலம் ஒரேயடியாக ஏற்றலாம்.

கணினிகள் தாமாக வந்து புதுப்பிக்கக் காத்திருந்தால் நாளாகும். புதுப்பிப்பு இடைவெளி இயல்பாக 6 நாள், அதில் பாதி கழிந்ததும் கணினி வரும், அதாவது 3 நாள் வரை ஆகலாம். டொமைன் கன்ட்ரோலர்களிலும் ஃபைல் சர்வர்களிலும் காத்திருக்காமல், என்பிடிஸ்டாட் என்று அடித்து, இடைவெளி விட்டு, சிறு கோட்டோடு பெரிய எழுத்தில் இரண்டு ஆர் கொடுங்கள். தன் பெயர்களை விடுவித்து உடனே மறுபடி பதிந்துகொள்ளும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் இங்கே முக்கியம். பெரிய ஆர் ஒன்று மட்டும் கொடுத்தால், நினைவில் வைத்திருக்கும் பெயர்கள்தான் துடைக்கப்படும். சிறிய ஆர் ஒன்று கொடுத்தால் புள்ளிவிவரம் காட்டும்.

அந்தப் புள்ளிவிவரம்தான் கடைசிச் சோதனை. வேறு சப்நெட்டில் உள்ள ஒரு கணினியில் உட்கார்ந்து, சில சர்வர்களைப் பெயரால் அழைத்துப் பார்த்துவிட்டு, சிறிய ஆர் கொடுங்கள். பெயர் சர்வர் மூலம் கிடைத்தவற்றின் எண்ணிக்கை ஏற வேண்டும். கூவிக் கிடைத்தவை மட்டும் ஏறினால், அந்தக் கணினி உங்கள் வின்ஸைக் கேட்கவே இல்லை. கன்சோலில் ஒரு சர்வரின் பெயரைத் தேடும்போது, ஒரே பெயர் பலமுறை வருவதைக் கண்டு திடுக்கிட வேண்டாம். நெட்பயாஸ் பெயருக்கு 16 பைட், அதில் 15 பெயருக்கு, பதினாறாவது அது என்ன சேவை என்பதைச் சொல்லும். 00 என்பது கணினி, 20 என்பது கோப்புப் பகிர்வு, 1சி என்பது டொமைன் கன்ட்ரோலர்களின் குழு. ஃபைல் சர்வருக்கு 20 இல்லாமல் 00 மட்டும் இருந்தால் அதில் இன்னொருமுறை பதியச் செய்யுங்கள்.

வின்ஸ் சர்வரின் சொந்த நெட்வொர்க் கார்டில் வின்ஸ் முகவரியாக அதன் முகவரியே இருக்க வேண்டும். இணை சர்வரின் முகவரியை இரண்டாவதாகப் போட்டால், சேவை நின்ற நேரத்தில் இதன் பெயர்கள் அங்கே போய்ப் பதிந்து, உரிமை இரண்டாகப் பிளந்துவிடும்.

எல்லாம் ஓடியதும் சர்வரின் 'ப்ராப்பர்ட்டீஸ்', 'ஜெனரல்' பக்கத்தில் பேக்கப் பாதையைக் கொடுத்து, 'சர்வர் அணையும்போதும் பேக்கப் எடு' என்ற கட்டத்தையும் குறியிடுங்கள். பாதை அதே சர்வரின் டிரைவாகத்தான் இருக்க வேண்டும், நெட்வொர்க் ஃபோல்டரை ஏற்காது. அங்கிருந்து வேறு இயந்திரத்துக்கு நகலெடுக்கத் தனி ஏற்பாடு செய்யுங்கள். நிலையான பதிவுகளின் உரைக்கோப்பையும் அதோடு சேர்த்து வையுங்கள். முதலில் எடுத்துவைத்த கெட்ட ஃபோல்டரின் நகலை இரண்டு வாரம் விட்டுவைத்து, யாரும் எந்தப் பெயரும் காணோம் என்று வராவிட்டால் அழித்துவிடலாம்.